கயிறு பட்ட இடம்

கிருஷாந்தியின் உச்சந்தலையில் முடி போன இடத்தை இரண்டு வருடமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொழுந்துப் பையின் கயிறு தலையில் எங்கே அழுந்துமோ, சரியாக அந்த இடம். அதனாலேயே யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பெண்கள் பையை முதுகில் தொங்கவிட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் கொழுந்தெடுப்பார்கள். மத்தியான நிறுவைக்கு இறங்கும்போது பையில் ஒன்பது, பத்துக் கிலோ இருக்கும். மழை நாளில் ஈரத்தோடு சேர்த்து இன்னும் கூடும். முன்பு பிரம்புக் கூடையும் தடித்த கயிறும் இருந்தன. மூன்று வருடங்களுக்கு முன்பு கம்பனி நைலோன் வலைப் பை கொடுத்தது. பை இலேசு. ஆனால் அதன் கயிறு சுண்டுவிரல் தடிப்புத்தான். துண்டை நான்காக மடித்துத் தலையில் வைத்தாலும் கயிறு அழுத்துகிறது என்று பெண்கள் சொன்னார்கள். இருபது, முப்பது வருடம் மலையில் நின்றவர்களின் உச்சியில் முடி மெலிந்து வழவழவென்று ஒரு தடம் இருப்பது இங்கே புதினமில்லை. கிருஷாந்திக்கோ வயது இருபத்து நான்கு. அவளுடைய தடம் பால்மா டின்னின் மூடி அளவு இருந்தது.

"என் மக தலையப் பாத்தீங்களா? நைலோன் கயிறு தின்ன தலை," என்று அவளுடைய அம்மா காளியாயி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடம் நிரம்பும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டி அதைக் கேட்டுத்தான் மனு எழுதினார். அகலமான துணிப் பட்டி வேண்டும், தலையில் காயம் பட்டவர்களுக்கு நாற்றுமேடையில் வேலை வேண்டும் என்பவை கோரிக்கைகள். நாற்பத்து மூன்று பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். மனுவோடு ஒரே ஒரு படம் இணைக்கப்பட்டது. பழனியாண்டி தன் போனில் எடுத்த கிருஷாந்தியின் தலை அது.

ஒரே லயத்து வீட்டு வரிசையில் அவர்களுடைய காம்பராவுக்கு அடுத்த காம்பரா எங்களுடையது. பகலில் நான் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பின்நேரம் ஹட்டனில் மருந்தாளர் பரீட்சைக்கான வகுப்பு. அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதையும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். திகதிகள் சரி. பேச்சுகளில் ஓரிரு வார்த்தைகள் மாறியிருக்கலாம்.

பெப்ரவரி ஆறாம் திகதி கிருஷாந்தி மருந்துக்கடைக்கு வந்தாள். வெளியே தூறல். இருமல் பாணி வாங்க வந்தவர் போகும்வரை பற்பசை அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மடித்த சீட்டை நீட்டினாள்.

"தங்கச்சி, இது இருக்கா பாரு. ஆஸ்பத்திரில முடிஞ்சுபோச்சாம்."

மனநல கிளினிக்கின் சீட்டு. புளுவொக்செட்டின், இருபது மில்லிகிராம்.

"யாருக்குக்கா?"

"சீட்டுல பேரு இருக்குல்ல. பரீட்சைக்கெல்லாம் படிக்கிற, வாசிக்கத் தெரியாதா?"

"இல்லக்கா, தூக்கம் வரலியான்னு கேட்டேன்."

"தூக்கமெல்லாம் நல்லா வருது." தலைத்துண்டைக் கழற்றினாள். "இது கயிறு இல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானே புடுங்குறது. தோல் டொக்டரு கண்ணாடி வச்சுப் பாத்தாரு. அம்மாவ வெளிய நிக்கச் சொல்லிட்டு நேர்ஸ் மிஸ்ஸிய விட்டுக் கேக்கச் சொன்னாரு. ஆமான்னுட்டேன். பொய் சொல்ல நேரமில்ல, அம்மா கதவுக்கிட்டயே நின்னுச்சு."

தோல் டொக்டர் கண்டுபிடித்த விதத்தையும் அவளே சொன்னாள். கயிறு தேய்த்த இடம் வழவழப்பாக இருக்குமாம். இவள் தலையில் முடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் முறிந்து, வேர்கள் கறுப்புப் புள்ளிகளாக நின்றனவாம்.

"எப்பக்கா செய்வீங்க?"

"தனியா டீவி பாக்கும்போது. மழைக்கு உள்ள குந்தியிருக்கும்போது. கை போறதே தெரியாது. வெரலு சொரசொரன்னு ஒரு முடியத் தேடும். அது அம்புடுற வரைக்கும் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும். இழுத்தா சரி."

"வலிக்காதா?"

"வலிச்சா விட்டிருப்பேன்ல."

"மலைல?"

"மலைல எங்க? ரெண்டு கையும் கொழுந்துல இருக்கு."

அதனால்தான் கூட வேலை செய்த ஒருத்திகூட அதைக் கண்டதில்லை. நான் குளிசைகளை எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மாவுக்கு என்ன சொன்னீங்க?"

"சத்துக் குளிசை. நீ வாயத் தொறந்தேன்னு வையி, நம்ம ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல ஒரு செவரு இருக்குல்ல, அதுல ஒன் தலைய வச்சு மோதுவேன்."

கிளினிக் டொக்டர் அவளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரு நாளில் எத்தனை முடி, எந்த நேரம், எங்கே இருந்து என்று தினமும் எழுத வேண்டும். கை தலைக்குப் போவது தெரிந்தவுடன் ஒரு நிமிடம் முட்டியை இறுக்கி மடக்கி வைத்திருக்க வேண்டும். கொப்பியை வீட்டில் வைக்க அவள் பயந்தாள். அதனால் அது என்னிடம் இருந்தது. காலையில் பீலியில் முகம் கழுவும்போது முந்திய நாளின் எண்ணிக்கையைச் சொல்வாள்.

"நேத்து முப்பத்தெட்டு."

பின்னால் குடத்தோடு நின்ற காளியாயி, "முப்பத்தெட்டா? பதினெட்டுக் கிலோ எடுக்கவே கங்காணி ஒன் பின்னால கத்தினான். யாருகிட்டடி பீத்துற?" என்றார்.

"தெரியாத புள்ளகிட்டத்தானேம்மா பீத்த முடியும்."

வகுப்பில் மேர்வின் சாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் பலகையில் இரண்டு நரம்பு முனைகளை வரைந்தார். ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தி கொண்டுபோகும் பொருட்களில் செரட்டோனின் ஒன்று. முதல் முனை அதைத் திரும்ப உறிஞ்சிவிடாமல் இந்தக் குளிசை தடுக்கிறது. இடைவெளியில் அது கூடுதல் நேரம் நிற்கும்.

"ஓயாம கை கழுவுறாங்கல்ல, அவங்கள்ல கன பேருக்கு இது வேலை செய்யுது. முடி புடுங்குறதும் அந்த மாதிரி ஒரு நோய் வருத்தந்தான்னு நெனச்சுக் குடுத்துப் பாத்தாங்க. ஆராய்ச்சில வெறும் மாக்குளிசை சாப்பிட்டவங்களுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல."

"ஏன் சார்?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இந்த மாடியில டியூட்டரி நடத்துறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் தொடர்ந்தார். பழக்கத்தை ஓட்டும் பாதை மூளையில் வேறாக இருக்கலாம். அதில் டோபமினுக்கும் குளூட்டமேற்றுக்கும் பங்கு இருக்கலாம். பழைய மருந்தான குளோமிப்ரமின் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக உதவியிருக்கிறது. சளியைக் கரைக்கக் கொடுக்கும் ஒரு மருந்து பெரியவர்களில் பலருக்குப் பலன் தந்தது, பிள்ளைகளுக்குத் தரவில்லை. "இருக்கலாம்" என்ற சொல்லை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று என் கொப்பியில் இருக்கிறது. ஏழு.

முதல் எட்டு வாரமும் எண்ணிக்கை இறங்கவில்லை. இடையில் அளவை நாற்பது மில்லிகிராமாகக் கூட்டினார்கள். ஏப்ரல் மழைக்குக் கொழுந்து பொங்கியபோது திடீரென்று பாதியாகியது. எனக்குச் சந்தோசம். கிளினிக்குக்குப் போவதற்கு முதல்நாள் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மலைக்குப் போன நாட்களில்தான் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நாற்பது. காலை ஏழரையிலிருந்து நாலரைவரை இரண்டு கையும் செடியில் இருந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? குறைத்தது குளிசையா, கொழுந்தா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற சந்தேகமும் வந்தது. கடைசியில் பக்கத்தின் ஓரத்தில் சிங்களத்தில் சிறிதாக எழுதிவிட்டேன்: "ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகப் பார்க்கவும்."

டொக்டர் அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் முதல் குளிசையே வேலை செய்திருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் குளிசை உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அது இருக்கும்போது இரண்டாவதைக் கொடுத்தால் இரத்தத்தில் இரண்டாவதின் அளவு ஏறிவிடும். அதனால் ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து வாரத்தில் மழை விடவே இல்லை. கொழுந்துக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. கிருஷாந்தி காம்பராவில் உட்கார்ந்து அறுபது, எழுபது என்று பிடுங்கினாள். ஜூன் நடுவில் குளோமிப்ரமின் தொடங்கியது. இருபத்தைந்து மில்லிகிராம், பிறகு படிப்படியாக மேலே.

வாய் காய்ந்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் தொண்டையில் இறங்காமல் பாலில்லாத சாயத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டாள். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றியது. எங்கள் மலைகளில் குனியாமலும் நிமிராமலும் ஒரு அடி வைக்க முடியாது. ஒரு நாள் மேல் நிரையில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி, நீ கொழுந்து எடுக்கிறியா, கொழுந்து ஒன்ன எடுக்குதா?" என்று கங்காணி கீழே இருந்து கத்தினார்.

"நீங்க வந்து தூக்கிவிடுங்க, சேந்து எடுப்போம்," என்றாளாம். பெண்கள் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஓகஸ்டில் ஞாயிற்றுக்கிழமைகளும் இறங்கின. முப்பத்தொன்று, பதினெட்டு, ஒன்பது. ஒரு ஞாயிறு பூச்சியம். முட்டி மடக்குவதையும் அவள் விடாமல் செய்தாள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

காளியாயிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தவர், கையை நிறுத்திவிட்டுக் கூவினார்.

"முருகா! முளைக்குதுடி! இந்தாங்க, வந்து பாருங்க!"

அவருடைய கணவர் வீரய்யா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர். அவர் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா. செடி செத்துக் காவலி போட்ட எடத்துல நாத்து வருது."

"செம்பரத்தம்பூ எண்ணெய்டி! அஞ்சு வாரம் காச்சிக் காச்சித் தேச்சேன்!"

அன்று மாலைக்குள் பீலிக்கரை முழுவதற்கும் அந்த எண்ணெயின் செய்முறை தெரிந்துவிட்டது. மறுநாள் பழனியாண்டி குடையோடு வந்தார். கொழும்பிலிருந்து கம்பனி அதிகாரி விசாரணைக்கு வரும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை.

"அக்கா, எண்ணெய வைக்க வேணாங்கல. வெள்ளிக்கெழம கழிச்சு வைங்க."

"ஏன் தலைவரே, எம் மகளுக்கு முடி முளைச்சா ஒனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு வலிக்கல. மனுவுக்கு வலிக்கும். அதே பையி, அதே கயிறு, முடி மட்டும் முளைக்குதுன்னா வர்றவுங்க என்னத்த எழுதுவாங்க? கயித்துல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நாப்பத்து மூணு பேரு கையெழுத்து, அக்கா. உங்களதும் இருக்கு. ரெண்டாவது தரம் மனு குடுத்தா எந்தத் தொரை வாங்குவாரு?"

"அப்ப நம்ம புள்ள தலைய மனுவுக்கு வாடகைக்கு விட்டிருக்கோமா மச்சான்?" என்றார் வீரய்யா.

"பகிடி விடாதீங்க. ஒரு வாரம். அவ்வளவுதான்."

கிருஷாந்தி கதவில் சாய்ந்து நின்றாள். மறுநாள் காலை பீலியில் எண்ணிக்கையைச் சொல்லாமல் என்னைக் கேட்டாள்.

"குளிசைய நிப்பாட்டினா எத்தன நாள்ல கை திரும்பப் போகும்?"

"திடீர்னு நிப்பாட்டக் கூடாதுக்கா. ஒடம்புக்கு வேற மாதிரி செய்யும்."

"சரி, நிப்பாட்டல. நானே புடுங்கிட்டா? அரை மணித்தியாலம் போதும். பழைய மாதிரி ஆயிரும். மனு தப்பிக்கும், அம்மாவும் பீலில நின்னு கயிறு கயிறுன்னு பேசலாம்." குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். "ஆனா பாரு, இப்பத்தான் இது போகாம நிக்குது. போகாத கைய நானே கூட்டிக்கிட்டுப் போனா, பொறகு அது நிக்குமா?"

"தெரியாதுக்கா."

"டொக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியுமான்னு தெரியாது."

"நல்லாத்தான் படிக்கிறீங்க எல்லாரும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். பனிமூட்டம் விலகவில்லை. பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியும் தலையில் துண்டுமாக, பைகளைக் காலடியில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். சிங்களத்தில் பேசினார். நலன்புரி உத்தியோகத்தர் லோரன்ஸ் மொழிபெயர்த்தார். தோட்டத்து மருத்துவ உதவியாளர் டோர்ச்சோடு நின்றார்.

பழனியாண்டி மனுவை வாசித்துவிட்டுக் கிருஷாந்தியைக் கூப்பிட்டார். அவள் முன்னால் போய்த் துண்டை அவிழ்த்தாள். அவள் பிடுங்கியிருக்கவில்லை. தடம் முழுவதும் கறுப்பாக, கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு முடி நின்றது. மருத்துவ உதவியாளர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி கேட்டார், லோரன்ஸ் தமிழில் சொன்னார்.

"இந்தப் பைதான் இன்னமும் தூக்குறீங்களான்னு கேக்குறாங்க."

"ஆமாங்க. மூணு வருசமா இதான்."

அதிகாரி மனுவோடு இருந்த பழைய படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு வசனம் சொன்னார். லோரன்ஸ் கொஞ்சம் தயங்கினார்.

"கயிறு மாறல, முடி வளந்திருக்கு. அப்படின்னா கயிறு காரணமில்லன்னு நோனா சொல்றாங்க."

"நோனாவுக்கு எண்ணெயப் பத்திச் சொல்லுங்க சேர்!" என்று காளியாயி பின்வரிசையிலிருந்து கத்தினார்.

"அக்கா, சும்மா இருங்க," என்றார் பழனியாண்டி. அதிகாரி கோப்பை மூடினார்.

"நோனா சொல்றது சரிதாங்க," என்றாள் கிருஷாந்தி. சத்தமாகச் சொன்னாள். "எந் தலைல கயிறு ஒண்ணும் செய்யல. நான்தான் புடுங்கினேன். அது ஒரு வருத்தம். கிளினிக்ல குளிசை குடுக்குறாங்க. அதான் முளைக்குது."

லோரன்ஸ் மொழிபெயர்க்க மறந்து நின்றார். எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை. பழனியாண்டி, "ஏய் புள்ள..." என்று தொடங்கி அதோடு விட்டுவிட்டார்.

"சொல்லுங்க சேர், நோனாகிட்டச் சொல்லுங்க. எந் தலைய நான் புடுங்கினேன். எங்கம்மா தலைய நான் புடுங்கல. அத யாரு புடுங்கினான்னு பாக்கச் சொல்லுங்க."

லோரன்ஸ் சொன்னார். அதிகாரி யார் அம்மா என்று கண்ணால் தேடினார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். காளியாயி இருந்த இடத்திலேயே நின்றார். மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று எழுத முயன்று இரண்டு தடவை வெட்டியிருக்கிறேன். கோபம் என்று எழுதினால் முழுதாக இல்லை.

பிறகு முன்னால் வந்தார்.

"ஆம்பளைங்க எல்லாம் திரும்புங்க."

"யாரு, நானுமா?" என்றார் பழனியாண்டி.

"நீ என்ன பொம்பளையா?"

பழனியாண்டி, லோரன்ஸ், கங்காணி, மருத்துவ உதவியாளர் நால்வரும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். காளியாயி துண்டை அவிழ்த்தார். மஞ்சள் பூசியதுபோல் வெளுத்த தோல், நெற்றிக்கு மேலிருந்து உச்சிவரை. புள்ளி இல்லை, முறிந்த முடி இல்லை. நடுவில் கயிற்றின் அகலத்துக்கு ஒரு பள்ளம். பக்கத்துக் காம்பராவில் இத்தனை வருடம் இருந்தும் நானும் அதைப் பார்த்ததில்லை. அதிகாரி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து ஓட்டினார். காளியாயி கண்ணை மூடிக்கொண்டார்.

"கீயக் அவுருது?" என்றார் அதிகாரி. எத்தனை வருடம் என்பது.

"முப்பத்தொண்ணு," என்றார் காளியாயி. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் விரல்களைக் காட்டினார்.

அதன் பிறகு மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பழைய கூடை செய்த தடத்துக்கு மேல் நைலோன் கயிறு சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. பதினான்கு பேர் என்று பழனியாண்டி சொல்கிறார். அவர் திரும்பி நின்றவர். நான் எண்ணியது பதினொன்று. அதிகாரி ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மனுவிலிருந்த கிருஷாந்தியின் பெயரை வெட்டும் முன் ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெட்டினார்.

மலைக்குப் போக மணி அடித்தது. பெண்கள் பைகளை எடுத்தார்கள். கிருஷாந்தியின் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கொஞ்சம் தள்ளிப் போனதைக் கண்டேன். காளியாயி துண்டைக் கட்டிக்கொண்டே மகளிடம் வந்தார்.

"ரெண்டு வருசமா பீலில நின்னு ஊருக்கெல்லாம் கயிறு கயிறுன்னு கத்தினேன். ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னியாடி?"

"நீயே ஒரு காரணம் சொல்லிட்ட. அது நல்ல காரணமா இருந்துச்சு."

"ஊரு முன்னால அவிழ்க்க வச்சிட்டல்ல."

"ம்."

காளியாயி மகளின் பையை எடுத்து உதறி, கயிற்றில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து, அவள் தலையில் துண்டு மடிப்புக்கு நடுவே தானே மாட்டிவிட்டார்.

"இன்னைக்கிக் குளிசை போட்டியா?"

"போட்டேன்."

"அது போட்டாத்தான் தலை சுத்துதா?"

"கொஞ்சம்."

"அப்ப மேல ஏறாத. எம்பக்கத்துல கீழ் நிரைல நில்லு."

"அங்க கொழுந்தே இல்லையேம்மா. அரைப்பேருச் சம்பளங்கூடத் தேறாது."

"இல்லாட்டிப் போகுது. நில்லு," என்று சொல்லிவிட்டுக் காளியாயி முன்னால் நடந்தார்.